மொட்டை மாடியில் நானூற்று நாற்பத்தொரு கட்டம்

ரசமட்டம் தன் கொழுந்தியாளுக்குத் தர வேண்டியிருந்த கடன் இருபத்தைந்தாயிரம். மூன்று வருஷம் அதைக் கடன் என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

வேறு யாருக்கும் அவர் காலணா பாக்கி வைத்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிமெண்டுக் கடைக்காரரைக் கேட்கலாம், மணல் லாரிக்காரரைக் கேட்கலாம். சனிக்கிழமை ஐந்து மணி அடித்தால் ஆறு ஆட்களுக்கும் கூலி கையில் விழும். மழை பெய்து வேலை நின்ற வாரத்தில்கூட பாதிக் கூலி விழும். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். பதினோரு வயதில் கலவை சுமந்தார், பதினெட்டில் கரண்டி பிடித்தார், முப்பதில் சொந்தமாக டைல்ஸ் வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்தார், நாற்பத்தைந்தில் மாடி வைத்து வீடு கட்டினார். படித்தவன் போட்ட பிளானில் கட்டிய வீட்டில், படிக்காதவன் போட்ட தரைமேல்தான் எல்லாரும் நடக்கிறார்கள் என்று அடிக்கடி சொல்வார். அவர் போட்ட குளியலறைத் தரையில் தண்ணீர் யாரிடமும் வழி கேட்காது. தானாகக் குழிக்குப் போய்விடும். தரை சமமா என்று காட்டுகிற, உள்ளே குமிழி ஓடும் கருவிக்கு ரசமட்டம் என்று பெயர். அதைக் கையில் எடுக்காமல் அவர் வாசல் தாண்டியதில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ரசீதுப் புத்தகத்தில் இருக்கிறது. ஊரில் கேட்டால் ரசமட்டம் என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

கொழுந்தியாளை வீட்டில் எல்லாரும் சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். ரசமட்டத்தின் கல்யாணத்தின்போது இரட்டைப் பின்னலோடு நின்ற பெண். இப்போது நாற்பது வயது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் பில் போடுகிறாள். டாக்டர்களின் கையெழுத்தை அந்தக் கடையில் மருந்தாளுநருக்கு முன்னால் படித்துவிடுகிறவள் அவள்தான். கணவன் லாரி ஓட்டுகிறான். மாதத்துக்கு இரண்டு முறை வருவான், வந்தால் தூங்குவான். அதனால் ஞாயிறு மதியம் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள். வரும்போது வாரப் பத்திரிகையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வருவாள்.

அந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி. மற்றப் பத்திரிகைகளில் கட்டங்களை நிரப்பினால் வேலை முடிந்தது. இதில் நிரப்பிய பிறகுதான் வேலையே. அடியில் ஒரு வரி இருக்கும்: "எல்லாக் கட்டமும் நிரம்பியபின் ஒரு சொல் பாக்கி. அதை எழுதி அனுப்புங்கள்." அந்தக் கடைசிச் சொல்லுக்குக் குறிப்பு கிடையாது. அது கட்டங்களுக்குள்ளேயே எங்கோ ஒளிந்திருக்கும். ஒரு வாரம் மூலைவிட்டத்தில் இருக்கும், ஒரு வாரம் குறுக்குச் சொற்களின் முதலெழுத்துகளில் இருக்கும், மறு வாரம் வேறெங்கோ போய்விடும். போட்டியை அமைக்கிறவரின் பெயரைப் பத்திரிகை போடுவதில்லை. வீட்டில் அவருக்குக் கட்டக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஆரம்பத்தில் ரசமட்டம் இதில் சேரவில்லை. அக்காளும் தங்கையும் மேஜையில் குனிந்து கிடக்க, அவர் எதிரில் உட்கார்ந்து டைல்ஸ் கம்பெனியின் விலைப்பட்டியலைப் புரட்டியபடி, ஐநூறு பரிசுக்கு அறுநூறு ரூபாய் மூளையைச் செலவு செய்கிறீர்கள் என்று நக்கலடிப்பார். ஒரு ஞாயிறு சின்னவள் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, கடைசிச் சொல் கிடைக்காமல் பேனாவை மேஜையில் போட்டாள். எதிரே இருந்தவருக்குக் கட்டம் தலைகீழாகத் தெரிந்தது. அவருக்குத் தலைகீழ், நேர் என்று எதுவும் கிடையாது. எந்தத் தரையைப் பார்த்தாலும் முதலில் கண் போவது எந்த டைல்ஸ் தப்பாக உட்கார்ந்திருக்கிறது என்பதற்குத்தான்.

"சின்னவளே, இங்க நாலு கறுப்பு ஜோடியில்லாம நிக்குது."

அவளுக்குப் புரியவில்லை. அவர் காகிதத்தைத் திருப்பி வைத்துக் காட்டினார். இத்தனை வாரமும் தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே மாதிரிதான் நிற்கும், ஒன்றுக்கு எதிர்ப்பக்கம் ஒன்று. இந்த வாரம் நாலு கறுப்புக்கு எதிர்ப்பக்கத்தில் வெள்ளை. அந்த நாலு வெள்ளையில் இருந்த எழுத்துகளை அவள் வரிசையாகப் படித்தாள். சன்னல் என்று வந்தது.

அன்றிலிருந்து அவர்கள் கூட்டு. அவள் வார்த்தைகளைப் போடுவாள், அவர் தரையைப் பார்ப்பார். எழுத்துக்கூட்டி நாலு வரி படிப்பதற்குள் அவருக்குக் கண் கரித்துவிடும். ஆனால் நிரம்பிய கட்டத்தை நீட்டினால் தேநீர் ஆறுவதற்குள் ஒளிந்திருப்பதைப் பிடித்துவிடுவார். எல்லா வாரமும் இல்லை. மூன்றில் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். சரியான விடைகளைக் குலுக்கிப்போட்டு ஒருவருக்குப் பரிசு. இரண்டு வருஷத்தில் ஏழு முறை ஐநூறு வந்தது. ஒவ்வொரு முறையும் ஆளுக்கு இருநூற்றைம்பது. கட்டக்காரர் முன்னே எங்கோ டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று ரசமட்டம் அடித்துச் சொன்னார். அவர் மனைவிக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது: வீட்டில் பேச விடாத பெண்டாட்டி வாய்த்திருப்பாள், அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒளித்து வைக்கிறார்.

பிறகு ஆண்டு மலர் வந்தது. அதில் வருஷத்துக்கு ஒருமுறை பெரிய போட்டி: இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று, பரிசு ஐம்பதாயிரம்.

சின்னவள் அதை நிரப்ப ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். பில் போடும் நேரம் போக மீதி நேரமெல்லாம், பழைய பில் தாள்களின் பின்பக்கம் எழுதிப் பார்த்தாள். நதிகளின் பெயர், எலும்புகளின் பெயர், கப்பலில் பாய் கட்டும் மரத்தின் பெயர் எல்லாம் தேடிப் போட்டாள். பரிசு வந்தால் தன் பாதிக்கு என்ன செலவு என்று முன்பே சொல்லியிருந்தாள். மருந்தாளுநர் படிப்பு மாலை வகுப்பாக இருந்தது. முதல் வருஷக் கட்டணம் இருபத்திரண்டாயிரம், அந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். அந்தப் படிப்பை முடித்துவிட்டால் பில் மேஜையிலிருந்து மருந்து அலமாரிப் பக்கம் போகலாம், சம்பளம் இரண்டு மடங்கு. இதை ரசமட்டத்தின் மேஜையில் உட்கார்ந்துதான் சொன்னாள். அவரும் கேட்டார், படிம்மா என்றார்.

கட்டம் நிரம்பியது. கடைசிச் சொல் கிடைக்கவில்லை. ரசமட்டம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பெல்லாம் ஜோடியோடு ஒழுங்காக நின்றது. தபாலில் சேர்க்க மூன்று நாள்தான் இருக்கும்போது சின்னவள் எழுந்துவிட்டாள்.

"விடுங்க அத்தான். இந்த வருஷம் நமக்கு இல்ல."

நிரப்பிய தாளை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள். ரசமட்டத்துக்கு விட மனமில்லை. சின்னத் தாளில் நானூற்று நாற்பத்தொரு கட்டம் கண்ணுக்குள் எறும்பு மாதிரி ஓடியது. எறும்பாக ஓடினால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியதுதான். ஒரு சலூன் சுவருக்கு ஒட்டி மிஞ்சிய நாலங்குல டைல்ஸ், கறுப்பும் வெள்ளையும், மாடிப்படிக்கு அடியில் மூட்டையாகக் கிடந்தது. அதை மொட்டை மாடிக்கு ஏற்றினார். நூல் கட்டினார், மூலைமட்டம் வைத்தார், வரிசை வரிசையாக எண்ணி ஏழடிக்கு ஏழடி பரப்பினார். கலவை இல்லை, சும்மா பரப்பியதுதான். ஆனாலும் சந்து ஒரு நூல் பிசகவில்லை. ஒரு பகல் முழுக்கப் போயிற்று. மனைவி துணி காயப்போட இடமில்லை என்று வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள். அவள் ஒன்றும் சொல்லாதது அந்த வருஷத்தில் அதுவே முதல் முறை.

பிறகு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று கீழே பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. நாலு டைல்ஸ் சேர்ந்தால் ஒரு பூ வருகிற டிசைனை வாழ்நாள் முழுக்க ஒட்டியவர் அவர். ஒரு வெள்ளையைச் சுற்றி நாலு மூலையிலும் நாலு கறுப்பு. அப்படி ஐந்து பூ. காகிதத்தில் யார் கண்ணுக்கும் படாது. இறங்கி வந்து, ஐந்து பூவுக்கும் நடுவில் இருந்த கட்டத்தை எண்ணிப் பிடித்து, சின்னவள் எழுதிய தாளில் விரல் வைத்துப் படித்தார். மா, டி, ப், ப, டி. இதற்காகவா தொட்டி மேல் ஏறினீர்கள், நம் வீட்டிலேயே பதினெட்டுப் படி இருக்கிறதே என்றாள் மனைவி.

விண்ணப்பத்தில் பெயர் எழுத ஒரே ஒரு கோடுதான் இருந்தது. தன் பெயரை எழுதினார், பதிவுத் தபாலில் அனுப்பினார். அந்த வருஷம் கடைசிச் சொல்லைக் கண்டுபிடித்தது நாட்டிலேயே ஒரே ஒருவர் என்று பத்திரிகையில் போட்டோவோடு வந்தது. போட்டோவில் ரசமட்டம் கையில் ரசமட்டத்தோடு நின்றார்.

காசோலையும் வந்தது. வந்த வாரமே தண்ணீர் பாய்ச்சி டைல்ஸ் வெட்டுகிற பெரிய மிஷின் வாங்கிவிட்டார், நாற்பத்தெட்டாயிரம். சின்னவளுக்கு ஒரு புடவையும் ஒரு பிளாஸ்கும் எடுத்து மேஜையில் வைத்தார். அவள் பாதியைக் கேட்டபோது அவர் சொன்ன நியாயம் இது: வார்த்தை போடுவது அகராதி வைத்திருக்கிற யாரும் செய்யக்கூடியது. கண்டுபிடித்தவர் யார்? அவள் கைவிட்டுப் போன பிறகு, தன் கையால், தன் டைல்ஸால், தன் மொட்டை மாடியில் கண்டுபிடித்தது. நாடு முழுக்க எத்தனை ஆயிரம் பேர் கட்டத்தை நிரப்பியிருப்பார்கள், அவர்கள் எல்லாருக்கும் பாதி தர முடியுமா?

சின்னவள் சண்டை போடவில்லை. புடவையையும் பிளாஸ்கையும் அக்கா பக்கம் நகர்த்தினாள்.

"சரி அத்தான்," என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். மாதக் கடைசி வந்தது, கட்டணம் கட்டவில்லை. அடுத்த வருஷம் கை வளையல் இரண்டையும் அடகு வைத்து அதே படிப்பில் சேர்ந்தாள். ஒரு வருஷம் பின்தங்கியதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வரவில்லை. அக்காள்தான் தங்கை வீட்டுக்குப் போனாள். போகிற அன்று காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டு, எது எந்தப் பாத்திரத்தில் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். ரசமட்டம் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, போட்டோ வந்த பத்திரிகையை யாராவது வாடிக்கையாளர் வந்தால் எடுத்துக் காட்டுவார். புது மிஷின் நன்றாகத்தான் ஓடியது.

மறு ஆண்டு மலருக்கு அவர் ஆட்களை வைத்துக் கட்டத்தை நிரப்பப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு வேளையில் ஆறு பேரும் உட்கார்ந்து யோசித்ததில், மூன்றெழுத்தில் ஒரு பறவை என்ற இடத்தில் கொசு என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது எழுத்துக்கு ஒரு புள்ளி. அதற்கடுத்த வருஷம், ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர், அவர் வீட்டுச் சமையலறைத் தரைக்கு மூவாயிரம் தள்ளுபடி வாங்கிக்கொண்டு நிரப்பிக் கொடுத்தார். பாதி தப்பு. கடைசிச் சொல் என்று ரசமட்டம் அனுப்பியது எந்த அகராதியிலும் இல்லாத ஒன்று. அதை மனைவியிடம் சொல்லவில்லை.

மூன்றாம் வருஷம் யாரையும் கூப்பிடவில்லை. வார்த்தை எதற்கு, தரைதானே விஷயம் என்று நேராக மூட்டையை மொட்டை மாடிக்கு ஏற்றினார். அறுபத்திரண்டு வயதில் முழங்கால் மடக்கி நானூற்று நாற்பத்தொன்றையும் பரப்பினார். தொட்டி மேல் ஏறினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த முறை வெள்ளைக் கட்டங்களெல்லாம் தெரு மாதிரி ஓடின. எல்லாத் தெருவும் இன்னொரு தெருவில் போய்ச் சேர்ந்தது, ஆறு இடம் தவிர. ஆறு இடத்தில் மூன்று பக்கமும் கறுப்பு அடைத்து நின்றது. ஆறு முட்டுச் சந்து. ஆறு எழுத்து. கட்டக்காரரை அவர் பிடித்துவிட்டார், ஒரு வார்த்தைகூடப் படிக்காமல்.

ஆறும் வெள்ளை டைல்ஸ். அவர் இறங்கி வந்து ஒவ்வொன்றின் முன்னும் குந்தி உட்கார்ந்தார். கையால் தூசு துடைத்தார். பளபளவென்று இருந்தது, அவர் முகம் தெரிந்தது, எழுத்து ஒன்றும் இல்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கி வந்தபோது, மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அலமாரிச் சாவி எங்க?" என்றார்.

அவள் ஈரக் கையோடு சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

"ஐநூறாவே எடுங்க," என்றாள். "அவ சில்லறை வாங்க மாட்டா."

போட்டிக்கு அதுதான் கடைசி நாள். பகல் ஒரு மணிக்குள் பதிவுத் தபாலில் போட்டால் சேரும், தாண்டினால் அடுத்த வருஷம்தான். ரசமட்டம் மருந்துக்கடைக்குப் போனபோது பன்னிரண்டேகால். ஆறு முட்டுச் சந்தும் எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கட்டம் என்று குறித்த சீட்டு சட்டைப் பையில் இருந்தது. ஐநூறு ரூபாய் நோட்டுக் கட்டு இடுப்பு மடிப்பில் இருந்தது. எதை முதலில் எடுப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தார்.

கடையில் கூட்டம். சின்னவள் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். படிப்பு அந்த வருஷத்தோடு முடிகிறது, மருந்து அலமாரிப் பக்கம் பயிற்சிக்கு நிற்க விட்டிருந்தார்கள். அவர் வரிசையில் நின்றார். ஊரில் பாதி வீட்டுக்குத் தரை போட்டவர், இருமல்காரர் ஒருவருக்கும் கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கும் பின்னால் நின்றார். முறை வந்தது.

"மருந்துச் சீட்டு?" என்றாள் சின்னவள், முகத்தைப் பார்க்காமல்.

"சீட்டு இல்ல."

"சீட்டு இல்லாம தலைவலி மாத்திரைதான் தர முடியும்."

"அதுவும் வேணாம்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளும் அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தாள். எல்லா வருஷமும் நிரப்பினாள், கடைசிச் சொல் மட்டும் கிடைக்கவில்லை என்று அக்காள் வழியாக அவருக்குத் தெரியும். அவர் எதற்கு இன்று வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"எழுத்து வேணுமா, கணக்குத் தீக்கணுமா? எதுக்கு வந்தீங்க?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு. "ரெண்டுக்கும்," என்றார்.

"எனக்கு ரெண்டு மணிக்குத்தான் ஓய்வு. நிரப்புன தாள் பையில இருக்கு. இப்பவே வேணும்னா எடுத்துட்டுப் போங்க, தபாலாபீஸ் பக்கந்தான். கணக்குக்குன்னா ரெண்டு மணிக்கு வாங்க."

சொல்லிவிட்டுக் கைப்பையை மேஜை மேல் எடுத்து வைத்தாள். பின்னாலிருந்தவர் நகருங்கள் என்றார். ரசமட்டம் கைப்பையைப் பார்த்தார். ஐம்பதாயிரம் அதற்குள் இருந்தது. சட்டைப் பையிலிருந்த சீட்டை அதன் பக்கத்தில் வைத்தால் போதும். இந்தத் தடவை முழுசாக ஆளுக்குப் பாதி என்று சொல்லிவிடலாம், பழையதையும் அதிலேயே கழித்துவிடலாம். கணக்கு நன்றாகத்தான் வந்தது. முன்பும் அவருக்குக் கணக்கு நன்றாகத்தான் வந்தது.

வரிசையை விட்டு விலகி, ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பன்னிரண்டே முக்கால் ஆயிற்று. ஒன்று அடித்தது. கடைப் பையன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான், வேண்டாமென்றார். உட்கார்ந்திருந்த நேரத்துக்குக் கடைத் தரையைப் பார்த்தார். யாரோ ஒட்டியிருந்தார்கள், வாசல் பக்கம் கால் அங்குலம் சரிவு. அதை யாரிடமும் சொல்லவில்லை. சின்னவள் இரண்டு முறை கடிகாரத்தையும் ஒரு முறை அவரையும் பார்த்தாள். இரண்டு மணிக்குக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"தபால் மூடியிருக்குமே அத்தான்."

"மூடட்டும்." இடுப்பு மடிப்பிலிருந்து கட்டை எடுத்து நீட்டினார். "வச்சுக்க."

அவள் வாங்கவில்லை. "இது என்ன காசு?"

கடைப் பையனும், மருந்தை மாற்றிக்கொள்ள மறுபடி வந்திருந்த இருமல்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரசமட்டம் போட்டோவோடு பத்திரிகையில் வந்தவர் என்பது இருமல்காரருக்குத் தெரியும், ரசமட்டமே அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் காதிலும் விழும்படியே சொன்னார்.

"உன் பாதி. மாடிப்படியில உன் பாதி. அன்னிக்கே குடுத்திருக்கணும்."

"எண்ணிக் குடுங்க," என்று சின்னவள் வலது உள்ளங்கையை விரித்தாள். அந்தக் கையில் வளையல் இல்லை.

அவர் விரல் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். சிமெண்டு அரித்துத் தேய்ந்த விரல். புது நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி ஒவ்வொன்றாக வைத்தார். வாழ்நாளில் எண்ணிக்கை தப்பாதவர். முப்பத்திரண்டு என்றபோது அவள் நிறுத்தினாள்.

"முப்பத்து மூணு. ரெண்டு ஒட்டிக்கிச்சு."

அவர் கட்டை வாங்கி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார், இந்த முறை மெதுவாக. கடை மருந்து கொடுப்பதை விட்டுக் காசு கொடுக்க ஆரம்பித்துவிட்டதா, தானும் வரிசையில் நிற்கலாமா என்று இருமல்காரர் கடைப் பையனிடம் கேட்டார். ரசமட்டம் தலை திருப்பவில்லை. நாற்பது தாண்டியது. அவள் கை பாரத்தில் கொஞ்சம் தாழ்ந்தது, விரல்கள் மடங்கவில்லை. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. கடைசி நோட்டை இரட்டையா என்று விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஐம்பது என்று சொல்லி அவள் உள்ளங்கையில் வைத்தார்.